எங்கள் வீட்டுக்குச் சிரங்கு வந்த வழி

நான் சொறிந்துகொண்டிருந்ததை முதலில் கவனித்தவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. கடல் கடந்து, வேறொரு கண்டத்தில், காலைக் காப்பியோடு உட்கார்ந்திருந்த ஒரு பேராசிரியர்தான்.

அப்போது நான் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்துவிட்டு, பினாங்கில் ஓர் ஆய்வுக் குழுவில் உதவியாளராக இருந்தேன். புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் ஓராண்டுப் பயிற்சிக்கு வெளிநாட்டில் விண்ணப்பித்திருந்தேன். இந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாராலும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அம்மா கோயிலில் விசாரிப்பவர்களிடம், "யாரும் கண்டுக்காத நோயெல்லாம் இருக்குல்ல, அதைப் படிக்கிறா" என்பார். அப்பாவுக்கு அதில் ஒரு சந்தேகம் இருந்தது. "யாருமே கண்டுக்கல, அப்புறம் நீ மட்டும் எதுக்குக் கண்டுக்கணும்?"

நேர்முகத் தேர்வு கணினி வழியாக நடந்தது. எங்களுக்குச் சாயங்காலம் நாலு மணி, அவர்களுக்குக் காலை. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் என் அறைக்குக் கதவு சரியாகச் சாத்தாது. அதனால் அப்பாவிடம் டிவி போடக் கூடாது என்றும், அம்மாவிடம் மிக்ஸி போடக் கூடாது என்றும் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த நரைத்த தலை அம்மையார் தோல் நோய்களில் பெரிய ஆள். நான் முன்வைத்த ஆய்வு சிரங்கைப் பற்றியது. தோலுக்குள் ஒரு சின்னப் பூச்சி வளை தோண்டி முட்டையிடும். அதனால் வரும் அரிப்பு. மலாயில் கூடிஸ் என்பார்கள். வீட்டில் ஒருத்தருக்கு வந்தால் எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும், அரித்தாலும் அரிக்காவிட்டாலும். ஆனால் ஜனங்கள் பூசமாட்டார்கள். ஏன் பூசமாட்டார்கள் என்பதுதான் என் கேள்வி. வெட்கம், மறைப்பு, அறியாமை என்று நான் அழகாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

"மன்னிக்கணும்," என்றார் அம்மையார். "உங்கள் கையைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்ட முடியுமா?"

இதுவும் தேர்வில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று நினைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். விரலிடுக்கைக் காட்டச் சொன்னார். பிறகு மணிக்கட்டு. இரவில் அதிகமாக அரிக்குமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அம்மா மலிவு விலையில் வாங்கிய புதுச் சவர்க்காரத் தூள்தான் காரணம் என்று நான் சில நாளாக நம்பிக்கொண்டிருந்ததையும் சொன்னேன்.

"வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா?"

"இல்லை."

அவர் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார். "அங்கே நிற்பவர் யார்?"

திரும்பினேன். சாத்தாத கதவுக்கு அப்பால் கூடத்தில் அப்பா கைலியும் பனியனுமாக நின்று, சமையலறைக் கதவுச் சட்டத்தில் முதுகைச் சாய்த்து, மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன. முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"என் அப்பா," என்றேன்.

ஓரத்தில் இருந்தவர் எதையோ எழுதிக்கொண்டார். "நாம் இத்தோடு முடித்துக்கொள்வோம்," என்றார் அம்மையார், கனிவாகத்தான். "உங்களுக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது."

மறுநாள் கிளினிக்கில் டாக்டர் என் கையைப் புரட்டிப் பார்த்து, சிரங்குதான் என்றார். அப்பாவையும் சேர்த்து வீட்டில் ஐந்து பேருக்கும் களிம்பு எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அண்ணனும் அண்ணியும் வேலை முடிந்து வந்ததும் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

அம்மா எழுந்து போய் முதலில் ஜன்னல்களைச் சாத்தினார். "மெதுவா பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"நோய்தானேம்மா."

"சொறின்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு நம்ம வீட்டுல தண்ணி குடிப்பா?" அப்புறம் என்னைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாம் நீ பிறையில போயி அந்த ஹாஸ்டல் பசங்க கையெல்லாம் பிடிச்சுப் பாக்குறல்ல, அங்கருந்துதான் வந்திருக்கும்."

பிறையில் தொழிற்சாலை வேலையாட்கள் தங்கும் விடுதிக்கு நான் ஆய்வுக்காகப் போய்வந்துகொண்டிருந்தது உண்மை. அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

விடுதியில் சொல்வதை அப்படியே வீட்டிலும் சொன்னேன். பூச்சிப் படம்கூட வரைந்து காட்டினேன். கழுத்திலிருந்து பாதம் வரை, விரலிடுக்கு, இடுப்பு, தொப்புள், எதையும் விடக் கூடாது. ராத்திரி முழுக்க இருக்கட்டும். காலையில் குளிக்கலாம். ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் ஒருமுறை. ஏன் என்று காரணத்தை எளிய மொழியில் விளக்கினால் குடும்பங்கள் முழுமையாக ஒத்துழைக்கும் என்று என் ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருந்தேன். இதைவிட எளிய மொழி எனக்குத் தெரியாது.

அண்ணன் களிம்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "எனக்கு அரிக்கல. அரிக்கிறப்போ பூசிக்கிறேன்" என்றான். அண்ணிக்கு மறுநாள் கம்பெனியில் விருந்து. பிசுபிசுவென்று இருக்குமா, சேலைக்கு ஒட்டுமா, கழுத்துக்குக் கீழே என்றால் தோள்பட்டைக்கும் கீழே என்று வைத்துக்கொள்ளலாமா என்று வரிசையாகக் கேட்டார். அம்மா நான் சொன்ன மாதிரியே பூசிக்கொண்டு வந்தார். நான் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே சமையலறைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

"அம்மா, அந்தப் பூச்சி இருக்கிறதே கையிலதான்."

"சமைக்கிற கையில மருந்தோடவா தோசை ஊத்தச் சொல்ற?"

அப்பா களிம்போடு குளியலறைக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார். அவர் மேல் களிம்பு வாசம் இல்லை, தலைவலித் தைலம்தான் மணந்தது.

"முதுகுக்கு எப்படிப் பூசினீங்க?"

"எட்டுற எடத்துக்கெல்லாம் பூசிட்டேன் லா."

"எங்கெங்க எட்டிச்சு?"

அப்பா டிவியைப் போட்டார்.

துணி துவைப்பது இன்னொரு கூத்து. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, கைலி எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் போட்டு எடுத்தோம். பால்கனி தாங்காமல் நடைபாதைக் கம்பியிலும் காயப்போட்டோம். பக்கத்து வீட்டு அக்கா நின்று பார்த்தார். "என்னாக்கா, வீட்டையே தொவைச்சிட்டீங்க?"

"சித்திரை வருதுல்ல," என்றார் அம்மா.

"அதுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல கெடக்கே?"

"இப்பவே ஆரம்பிச்சாதான் முடியும்."

அந்த அக்காவுக்கு என்ன தோன்றியதோ, மறுநாள் அவரும் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைக்க ஆரம்பித்தார். இரண்டு நாளில் எங்கள் மாடி முழுக்கத் துணிதான்.

துவைக்க முடியாத சோபாத் திண்டுகளைக் கறுப்புக் குப்பைப் பைகளில் போட்டுக் கட்டிக் கூடத்திலேயே வைத்திருந்தோம். சில நாள் அப்படியே கிடந்தால் பூச்சி செத்துவிடும். அந்தச் சமயம் பார்த்து அம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு அழைக்க மனைவியோடு வந்தார். எலும்பும் மரமுமாக நின்ற சோபாவைப் பார்த்தார்கள். "திண்டெல்லாம் ரிப்பேருக்குப் போயிருக்கு," என்றார் அம்மா, கறுப்புப் பைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு. அவர்கள் வெறும் பலகையில் உட்கார்ந்து கோப்பி குடித்தார்கள். எழுந்து போகும்போது அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே போனார்.

ஒரு வாரம் ஓடியது. இரண்டாவது முறையும் பூசச் சொன்னேன். முதல் முறை பூசிய லட்சணத்தில்தான் அதுவும் நடந்தது. அரிப்பு நிற்கவில்லை. அண்ணனுக்கும் இப்போது ஆரம்பித்திருந்தது. அரிக்கிறபோது பூசுகிறேன் என்று சொன்னவன், "மருந்து நல்ல மருந்துதானா?" என்று கேட்டான்.

அன்று சாயங்காலம் பேருந்தில் வந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சிரங்கு முதல் தடவை வருகிறவருக்குப் பூச்சி ஏறியவுடனே அரிக்காது. ஒரு மாதமாவது ஆகும். நான் பிறைக்குப் போக ஆரம்பித்ததே தைப்பூசம் முடிந்த பிறகு. எனக்கு அரிக்கத் தொடங்கியது அதற்கு அடுத்த வாரம். கணக்கு உதைத்தது. இதைப் பாடமாகப் படித்து, தேர்வு எழுதி, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் வீடு என்றதும் மூளை வேலை செய்யவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே, "நான் கொண்டு வரல" என்றேன். ஒரு சிரங்குக்காரி அவ்வளவு சந்தோஷமாக அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"அப்ப யாரு?" என்றார் அம்மா.

ஒவ்வொருவராக விசாரித்தேன். அண்ணிக்கு இன்னும் அரிப்பே இல்லை. அண்ணனுக்கு இந்த வாரம்தான். அம்மாவுக்கு என்னோடு சேர்ந்து. கடைசியாக அப்பா.

"எனக்கு ஒண்ணும் இல்ல. வயசானா தோலு காயும்."

"எப்பலேருந்து காயுது?"

அப்பா யோசித்தார். "பொங்கலுக்கு முன்னாலேருந்து."

நாங்கள் யாரும் சொறியாத காலம் அது. அடுத்த கேள்வி, விடுதியில் பையன்களிடம் மலாயில் கூச்சமே இல்லாமல் கேட்டுப் பழகிய கேள்வி. அதையே அப்பாவிடம் தமிழில் கேட்டேன். "அதுக்கு முந்தின மாசத்துல நீங்க யாரு கூடயாச்சும் ரொம்ப நேரம், அடிக்கடி, தொட்டுப் பழகினீங்களா?"

கேட்டு முடித்த பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று புரிந்தது. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா வாசலில் வந்து நின்றார்.

அப்பாவின் முகம் சிவந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், சுலபத்தில் பதறுகிற மனிதர் இல்லை. மேஜையில் கிடந்த செய்தித்தாளை மடித்தார். திரும்பப் பிரித்தார்.

"சொல்லுங்க," என்றார் அம்மா. "மக கேக்குறால்ல."

"ஞாயித்துக்கிழமை காலையில பாடாங் கோத்தா கடற்கரையில நடக்கப் போறேன்ல."

"ஆமா."

"அங்க நடக்கல."

அண்ணன் எழுந்து போகலாமா என்று பார்த்தான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஃபெரி ஏறி அக்கரைக்குப் போறேன். பாகான் டாலாமுக்கு."

"அங்க யாரு இருக்கா?"

"அண்ணன்."

பெரியப்பாவும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. என் அண்ணன் கல்யாணத்தில் நடந்தது அது. மண்டபத்தில் மணமக்களை வாழ்த்த மூத்தவர் என்று பெரியப்பாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். சாப்பாடு ரொம்பத் தாமதமாகியிருந்தது. பெரியப்பா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் சமையக்கட்டுக்குப் போயிப் பாத்துட்டு வந்தேன். சோறு இப்பதான் கொதிக்குது. சக்கரை வியாதிக்காரங்க எல்லாம் வீட்டுக்குப் போயி சாப்பிடுங்க" என்றார். ஜனங்கள் அவர் பேச்சைக் கேட்டார்கள். மண்டபத்தில் பாதி காலியானது. எங்கள் ஜனத்தில் சர்க்கரை இல்லாதவர் யார்? அன்றிலிருந்து அப்பா அவரோடு பேச்சை விட்டார். அவர் செத்தாலும் போகமாட்டேன் என்று சொன்னார், நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

அதற்குப் பிறகு பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விளங்காமல் போனது. பெரியம்மா முன்பே காலமாகிவிட்டார். மகன் சிங்கப்பூரில். பாகான் டாலாமில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். அப்பா அங்கே என்னதான் நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கப் போயிருக்கிறார். வாசலில் நின்றவரை அங்கிருந்த பராமரிப்பாளர் அக்கா உள்ளே அழைத்து, பெரியப்பா தன்னைக் குளிப்பாட்டப் பெண்களை விடமாட்டேன் என்கிறார், நாள்கணக்கில் அழுக்காகவே கிடக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்.

"அப்புறம்?"

"நான் குளிப்பாட்டுனேன். தாடி எடுத்து விட்டேன். முதுகுக்கு எண்ணெய் தேய்ச்சேன். அதுலேருந்து ஞாயிறு ஞாயிறு போறேன்."

"அப்ப பேசிட்டீங்க," என்றார் அம்மா.

"இல்ல. பேசல."

"பேசாம எப்படிக் குளிப்பாட்டுவீங்க?"

"தோளைத் தட்டுவேன். திரும்புவாரு."

அம்மா கறுப்புப் பை ஒன்றின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது நிம்மதி. அப்பா யாரோடோ பழகுவதாக மனதில் என்னவெல்லாம் ஓடியதோ. அது மறைந்ததும் கோபம் வந்தது. "சொல்லியிருந்தா மீன் கொழம்பு வச்சுக் குடுத்து விட்டிருப்பேன்ல," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைத்த கையைச் சொறிந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு அம்மாவும் நானும் போனோம். இல்லம் ஒரு தரைவீடு, முன்னால் ஒரு மாமரம். நடையில் வரிசையாக நாற்காலி போட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் கணுக்காலை, ஒருவர் வயிற்றை, ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் முதுகை என்று எல்லாரும் சொறிந்துகொண்டிருந்தார்கள். பராமரிப்பாளர் அக்கா வெயில் சூடு என்று நினைத்து எல்லாருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "தீபாவளி சமயத்துலேருந்தே இப்படித்தான்மா. எனக்கும்தான்," என்று கையைக் காட்டினார்.

பெரியப்பா சன்னலோரக் கட்டிலில் இருந்தார். இளைத்திருந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"சின்னவன் மகளா? டாக்டர் ஆயிட்டியா?"

"இல்ல பெரியப்பா, ஆராய்ச்சி பண்றேன்."

"என்னா ஆராய்ச்சி?"

"சொறி."

அவர் அதில் கேலி இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் நல்ல கையை நீட்டினார். விரலிடுக்கு முழுக்கத் தடித்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா, என்னிடம்தான், ஆனால் அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, "எல்லாம் ஒங்கப்பன்கிட்டேருந்து வந்துச்சு" என்றார்.

அப்பா வாளியில் தண்ணீரோடு நின்றிருந்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"என்கிட்டேருந்தா?"

"வேற யாரு என்னைத் தொடுறா?"

"ஒங்களுக்குத்தான் மொதல்ல அரிச்சுச்சு. நான் முதுகு தேய்க்கிறப்பவே பாத்தேன்."

"பாத்தவன் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? நாமதான் பேசுறதில்லையே."

இருவரும் ஒரு நொடி நிறுத்தினார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். யார் யாருக்குக் கொடுத்தது என்பதற்கு அறிவியல்படி என்னிடம் விடை இருந்தது. இரண்டு பேரும் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றேன். அம்மா மீன் குழம்புப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சண்டை முடியட்டும் என்று காத்திருந்தார். அவர் அழுதுகொண்டே சிரித்தாரா, சிரித்துக்கொண்டே அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அரசு கிளினிக் டாக்டரைப் பார்த்துப் பேசினோம். அவர் இல்லத்துக்கே வந்து எல்லாரையும் பார்த்தார். ஒரு நாள் குறித்து, அங்கே இருந்தவர்களுக்கும், அக்காவுக்கும், எங்கள் வீட்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் மருந்து என்று முடிவானது. அண்ணன் லீவு போட்டு வந்து மெத்தைகளை வெயிலில் தூக்கிப் போட்டான். அண்ணி பாட்டிமார்களுக்குத் தொப்புளைக்கூட விடாமல் பூசினார். அவர் சேலையெல்லாம் களிம்பு. தனக்கு அரிக்கவில்லை, அதனால் வேண்டாம் என்று ஒரு தாத்தா அடம் பிடித்தார்.

"அரிக்காட்டியும் பூசணும்," என்று அம்மா அவர் கையை எடுத்து விரல் விரலாகத் தேய்த்தார். "பூசிட்டுக் கையைக் கழுவினா, திரும்பப் பூசிவிடுவேன். சொல்லிட்டேன்."

நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாரக்கணக்கில் நான் பேசிப் பேசி விளங்க வைக்க முடியாதது, வேறு வீட்டு ஆளுக்குப் பூசும்போது எங்கள் ஆட்களுக்கு விளங்கிவிட்டது. ஏன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. அதைத்தான் இப்போது படிக்கப் போகிறேன்.

பயிற்சியில் இடம் கிடைத்தது. முதலில் காத்திருப்போர் பட்டியலில்தான் போட்டிருந்தார்கள். நடந்ததையெல்லாம் எழுதி, என் திட்டத்தில் எளிய மொழியில் விளக்கினால் குடும்பங்கள் ஒத்துழைக்கும் என்ற அந்த ஒரு வாக்கியத்தை நீக்கிவிடும்படியும், ஆய்வை முதியோர் இல்லங்களுக்கு மாற்ற விரும்புவதாகவும் அந்த அம்மையாருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் திட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதினார். அடுத்த வரியில், கதவில் முதுகைத் தேய்த்தவர் நலமா என்று கேட்டிருந்தார்.

நலம்தான். அரிப்பு நிற்க இரண்டு மூன்று வாரம் ஆனது, இல்லத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அப்பா ஒளித்துப் போவதில்லை. அம்மா கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டோடு போகிறார். போன வாரம் நானும் போயிருந்தேன். திரும்பி வரும்போது ஃபெரியில் அப்பா கொஞ்சம் வருத்தமாக இருந்தார். என்ன என்று கேட்டேன்.

"இன்னிக்குத் தாடி எடுக்க விடமாட்டேன்னுட்டாரு. நான் பிளேடை ரொம்ப அழுத்துறேனாம். மொதல் நாள்லேருந்தே அப்படித்தானாம்."

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லலையாம்?"

"எப்படிச் சொல்லுவாரு?" என்றார் அப்பா.

இறங்கியதும் ஒரு கடையில் நிறுத்தி, மின்சார சவரக் கருவி ஒன்றை வாங்கினோம். எனக்கு அதில் எது நல்லது என்று தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. கடைக்காரப் பையன் காட்டியதில் சத்தம் குறைவானதாகப் பார்த்து எடுத்துக்கொண்டோம். பெரியப்பா பேசிக்கொண்டே இருப்பார், கேட்க வேண்டும் என்றார் அப்பா.